தாங்கும் தசைகள்

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் சிகாகோ நகரின் கார்டினர் ராணுவ மருத்துவமனையில் கட்டில்கள் நிரம்பிக் கிடந்தன. தொடையெலும்பு முறிந்தவர்கள், முழங்கால் சிதைந்தவர்கள் என்று படைவீரர்கள் மாதக்கணக்கில் அங்கே படுத்திருந்தார்கள். எலும்பு கூடிவிடும். ஆனால் மாவுக்கட்டைப் பிரித்துப் பார்த்தால் தொடைத் தசை சூம்பியிருக்கும். எழுந்து நின்றால் முழங்கால் மடங்கும். எடையே இல்லாமலோ மிக லேசான எடையோடோ காலைப் பலமுறை அசைக்கச் சொல்வதுதான் அன்றைய வழக்கம். தாமஸ் டிலோர்ம் என்ற இளம் ராணுவ மருத்துவர் இதை மாற்றினார். சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சலில் விழுந்து, பிறகு எடை தூக்கி உடம்பைத் தேற்றிக்கொண்டவர் அவர். நோயாளியால் பத்து முறை மட்டுமே தூக்க முடிகிற எடை எதுவோ அதைக் கண்டறிந்து தூக்க வைத்தார். தசை தேறத் தேற எடையைக் கூட்டினார். கால்கள் வலுப்பெற்றன, வீரர்கள் நடந்தார்கள். 1945-இல் இந்த முறையை எழுதி வெளியிட்டார்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1948-இல், லாஸ் ஏஞ்சலஸில் ஆர்னால்ட் கீகல் என்ற மகளிர் நோய் மருத்துவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். டிலோர்ம் பயன்படுத்திய 'படிப்படியாகச் சுமை கூட்டும் பயிற்சி' என்ற தொடர் அதன் தலைப்பிலும் இருந்தது. கீகல் எழுதியது பிள்ளைப்பேற்றுக்குப் பின் தளர்ந்துபோகும் இடுப்புத்தளத் தசைகளைப் பற்றி. அந்தத் தசைகளின் அழுத்தத்தை அளக்க ஒரு கருவியையும் அவர் உருவாக்கியிருந்தார். கண்ணுக்குத் தெரியாத தசை எவ்வளவு இறுகுகிறது என்பதை முள் நகர்வதைப் பார்த்து அந்தப் பெண்ணே தெரிந்துகொள்ளலாம்.

படைவீரரின் தொடைக்கும் தாயின் இடுப்புக்கும் பொருந்தும் விதி ஒன்றுதான்: சேதமடைந்த தசை, அளவறிந்து கூட்டப்படும் சுமையால் மீள்கிறது. ஆனால் இந்த விதி முழங்காலுக்குக் கிடைத்த அளவு தாய்க்குக் கிடைக்கவில்லை. முழங்கால் ஜவ்வு கிழிந்து அறுவை செய்துகொண்டவரைப் பயிற்சி இல்லாமல் வீட்டுக்கு அனுப்புவதை இன்று எந்த நல்ல மருத்துவரும் ஒப்புக்கொள்ள மாட்டார். பிள்ளை பெற்றவரையோ தையலைப் பார்த்து, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, குழந்தையின் தடுப்பூசி அட்டையைக் கையில் தந்து அனுப்பிவிடுகிறோம். இருமினால் சிறுநீர் கசிகிறது, ஆறு மாதமாக இடுப்பு வலிக்கிறது என்று அவர் சொன்னால், "பிள்ளை பெத்தா அப்படித்தான் இருக்கும்" என்கிறோம். பலருக்கும் வருவது என்பதாலேயே ஒரு கோளாறு இயல்பானதாகிவிடாது. இந்த அத்தியாயம் அதைத்தான் சொல்ல வருகிறது.

அடியில் ஒரு தூளி

இடுப்பெலும்பு வளையத்தின் அடிப்பக்கம் திறந்திருக்கிறது. முன்னால் பூப்பெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை ஒரு தசைத் தளம் அந்தத் திறப்பை மூடியிருக்கிறது. இரு பக்கமும் எலும்பில் கட்டிய தூளியைப் போல, அது சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குகிறது. சிறுநீர்ப்புழை, பிறப்புறுப்பு, ஆசனவாய் ஆகிய மூன்று வழிகளும் அதன் நடுவே இறங்குகின்றன. தசை இறுகினால் வழிகள் மூடுகின்றன, தளர்ந்தால் திறக்கின்றன.

இந்தத் தசைக்கு ஓய்வு மிகக் குறைவு. நாம் நிற்கும்போதும் நடக்கும்போதும் அது மெல்லிய இறுக்கத்திலேயே இருக்கிறது. அதற்காகவே நீண்ட நேரம் சோராமல் உழைக்கும் இழைகள் அதில் மிகுதி. தும்மல், இருமல், சிரிப்பு, குடத்தைத் தூக்குதல் என வயிற்றுக்குள் அழுத்தம் திடீரென ஏறும் தருணங்களில் சட்டென இறுகும் இழைகளும் இருக்கின்றன. முதல் வகை பலவீனமானால் மாலை நேரத்தில் அடிவயிறு கனக்கிறது, ஏதோ கீழே இறங்குவது போலிருக்கிறது. இரண்டாம் வகை தாமதித்தால் தும்மும்போது புடவை நனைகிறது.

இந்தத் தளம் தனியாக வேலை செய்வதும் இல்லை. மேலே உதரவிதானம், முன்னால் ஆழ்ந்த வயிற்றுத் தசை, பின்னால் முதுகெலும்பை ஒட்டிய சிறு தசைகள், கீழே இடுப்புத்தளம் என நான்கும் சேர்ந்து வயிற்றறையைச் சூழ்ந்திருக்கின்றன. மூச்சை இழுக்கும்போது உதரவிதானமும் இடுப்புத்தளமும் சேர்ந்தே இறங்குகின்றன. விடும்போது சேர்ந்தே ஏறுகின்றன. இதனால்தான் இயன்முறை மருத்துவர் இடுப்புக்கான பயிற்சியை மூச்சிலிருந்து தொடங்குகிறார்.

சுமக்கும் முதுகு

நிமிர்ந்து இரு காலில் நடக்கத் தொடங்கிய நாள் முதலே கருவைச் சுமப்பது பெண்ணுக்குச் சமநிலைச் சிக்கலாக இருந்திருக்கிறது. வயிறு முன்னால் வளர வளர உடலின் எடைமையம் முன்னே நகர்கிறது. விழாமலிருக்கக் கர்ப்பிணி மேலுடலைப் பின்னால் சாய்க்கிறார். கீழ்முதுகின் வளைவு ஆழமாகிறது. கேத்தரின் விட்கம், லிசா ஷப்பிரோ, டேனியல் லீபர்மன் மூவரும் 2007-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு, பரிணாமம் இதற்குச் செய்த ஏற்பாட்டைக் காட்டியது. கீழ்முதுகின் வளைவை உண்டாக்கும் ஆப்பு வடிவ முள்ளெலும்புகள் ஆண்களிடம் இரண்டு, பெண்களிடம் மூன்று. வளைவு கூடுதல் எலும்புகளில் பரவுவதால் பாரமும் பரவுகிறது. 20 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆஸ்திரலோபிதிகஸ் இனத்தின் புதைபடிவங்களிலேயே இந்த வேறுபாட்டின் தடயம் கிடைக்கிறது.

ஏற்பாடு இருந்தும் வலி வருகிறது. கர்ப்பிணிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இடுப்பெலும்பு வளையத்தின் மூட்டுகளில் வலி உண்டாகிறது. பின்பக்கம் இடுப்பும் முதுகும் சேரும் குழியிலோ, முன்பக்கம் பூப்பெலும்பு இணையும் இடத்திலோ அது குத்தும். படியேறும்போதும், கட்டிலில் புரளும்போதும், ஒற்றைக் காலில் நின்று சுடிதார் போடும்போதும் கூடும். ரிலாக்சின் என்ற ஹார்மோன் மூட்டுகளைத் தளர்த்துவதே காரணம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. 1926-இல் ஃபிரெடரிக் ஹிசா கினிப் பன்றிகளில் அந்த ஹார்மோனின் விளைவைக் கண்டறிந்தார். ஆனால் மனிதப் பெண்ணின் ரத்தத்தில் அது உச்சத்தை எட்டுவது முதல் மூன்று மாதங்களில். வலி மிகுவதோ பிற்பாதியில். ஆகவே ஹார்மோன் மட்டும் காரணமல்ல. மாறிய உடலைத் தாங்கும் அளவுக்குத் தசைகள் தயாராகியிருக்கின்றனவா என்பதும் முக்கியம். தசைகளைப் பயிற்சியால் மாற்ற முடியும்.

இயன்முறை மருத்துவர் இங்கே இரண்டு வேலை செய்கிறார். அன்றாட அசைவுகளைத் திருத்துவது முதலாவது: முழங்கால்களைச் சேர்த்து வைத்தபடி புரள்வது, உட்கார்ந்து உடை மாற்றுவது, ஆட்டோவிலிருந்து இறங்கும்போது இரு கால்களையும் சேர்த்துத் திருப்பி இறங்குவது, படிகளை ஒவ்வொன்றாக ஏறுவது. புட்டம், ஆழ்ந்த வயிறு, இடுப்புத்தளம் ஆகியவற்றை வலுப்படுத்துவது இரண்டாவது. தேவைப்பட்டால் இடுப்புப் பட்டை கொடுப்பார்.

சிக்கலற்ற கர்ப்பத்தில் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். பேச முடிகிற, ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் அது மிதமான உழைப்பு. நடை போதும், நீச்சல் தெரிந்தால் நன்று. நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்திருப்பவர்கள், கர்ப்பகால ரத்த அழுத்தம் தீவிரமானவர்கள், கருப்பை வாய் பலவீனமானவர்கள் ஆகியோர் மருத்துவர் சொல்வதை மட்டுமே செய்ய வேண்டும். ரத்தக் கசிவு, நீர்க் கசிவு, தலைசுற்றல், கெண்டைக்கால் வலி, விட்டுவிட்டு வரும் வயிற்று வலி ஆகியவற்றில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பிரசவத்தில் தசைக்கு நேர்வது

குழந்தையின் தலை வெளிவரும் கணத்தில் இடுப்புத்தளம் எவ்வளவு விரிகிறது? உயிருள்ள தாயின் உடலில் அளப்பதற்கு வழியில்லாததால், மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு ஒன்று எம்.ஆர்.ஐ. படத்திலிருந்து கணினி மாதிரி உருவாக்கிக் கணக்கிட்டது. 2004-இல் வெளியான விடை: தளத்தின் நடுப்பகுதித் தசை தன் நீளத்தைப் போல 3.26 மடங்கு இழுபடுகிறது. சாதாரண எலும்புத்தசை ஏறத்தாழ ஒன்றரை மடங்கைத் தாண்டினாலே காயமடையக்கூடியது.

அப்படியிருந்தும் பெரும்பாலான பெண்களுக்குத் தசை அறுந்துபோகாததற்கு உடல் முன்கூட்டியே செய்யும் தயாரிப்பு ஒரு காரணமாகலாம். கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் மரியானா ஆல்பெரின் குழு கருவுற்ற எலிகளை ஆராய்ந்தபோது, இடுப்புத்தளத் தசையின் இழைகள் பிரசவத்துக்கு முன்பே நீண்டிருப்பதைக் கண்டது. தசையின் சுருங்கும் அலகான சார்கோமியர்கள் புதிதாகச் சேர்ந்து அதை நீளமாக்கியிருந்தன. வரப்போகும் இழுப்புக்காக உடல் தசையையே மாற்றிக் கட்டுகிறது.

எல்லோருக்கும் இது போதுவதில்லை. 2003-இல் ஜான் டிலான்ஸி குழு எம்.ஆர்.ஐ. மூலம் பார்த்தபோது, இயல்பான வழியில் முதல் குழந்தை பெற்ற பெண்களில் 20 சதவீதத்தினருக்கு இந்தத் தசையில் தெளிவான சேதம் இருந்தது. பிள்ளை பெறாத பெண்களில் ஒருவருக்கும் இல்லை. ஆயுதப் பிரசவம், குறிப்பாக இடுக்கி போட்ட பிரசவம், இந்த ஆபத்தைக் கூட்டுகிறது. தசைக்குச் செல்லும் நரம்பும் இழுபட்டுச் சில மாதங்கள் மந்தமாகலாம். சிசேரியன் இந்தக் காயத்தைப் பெருமளவு தவிர்க்கிறது. ஆனால் மாதக்கணக்காகச் சுமந்த பாரம் அங்கும் உண்டு. சிசேரியன் ஆனவர்களுக்கும் கசிவு வருகிறது.

விளையாட்டு வீரர் ஒருவருக்குத் தொடைத் தசையில் இதே அளவு சேதம் நேர்ந்தால் படம் எடுப்பார்கள், அளப்பார்கள், பயிற்சித் திட்டம் வகுப்பார்கள். தாய்க்கு நேரும் காயமும் அதே கவனத்துக்கு உரியது.

பயிற்சி பலனளிக்கிறதா?

இந்தக் கேள்விக்கு வலுவான சான்று இருக்கிறது. நார்வேயின் இயன்முறை ஆய்வாளர் காரி போ 1999-இல் தம் குழுவோடு வெளியிட்ட ஆய்வில், இருமும்போதும் குதிக்கும்போதும் சிறுநீர் கசியும் 107 பெண்கள் பங்கேற்றார்கள். தசைப் பயிற்சி, மின்தூண்டல், பிறப்புறுப்பில் வைக்கும் எடைக் கூம்பு, சிகிச்சையின்மை என நான்கு பிரிவுகள். ஆறு மாத முடிவில் பயிற்சி செய்தவர்கள் மற்ற மூன்று பிரிவினரையும் விட நன்றாகத் தேறியிருந்தார்கள். கருவிகளை விஞ்சியது அவரவர் சொந்தத் தசையின் உழைப்பு.

பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2018-இல் தந்த முடிவு இன்னும் தெளிவானது. இவ்வகைக் கசிவு உள்ள பெண்களில், பயிற்சி செய்தவர்களில் 100-க்கு 56 பேர் குணமானதாகச் சொன்னார்கள். செய்யாதவர்களில் 100-க்கு 6 பேர். 2020-இல் வந்த மற்றொரு தொகுப்பு கர்ப்பகாலத்தைப் பார்த்தது. கசிவே இல்லாத நிலையில், கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே பயிற்சியை ஆரம்பித்தவர்களுக்குக் கர்ப்பத்தின் பிற்பகுதியில் கசிவு வரும் வாய்ப்பு 62 சதவீதம் குறைந்தது. கசிவு வந்த பிறகு சிகிச்சை தேடுவதைவிட வராமல் காப்பது எளிது என்பதை இது காட்டுகிறது.

பலன் தெரியக் குறைந்தது மூன்று மாதம் ஆகும் என்பதற்கும் காரணம் இருக்கிறது. முதல் சில வாரங்களில் தசை பருப்பதில்லை. மூளையும் நரம்பும் அந்தத் தசையை முழுமையாக இயக்கக் கற்றுக்கொள்கின்றன. இழை தடிப்பது அதற்குப் பிறகுதான். இரண்டு வாரம் செய்துவிட்டு "ஒன்றும் ஆகவில்லை" என்று விடுபவர்கள், மாற்றம் தொடங்கும் நேரத்தில் கைவிடுகிறார்கள்.

சரியாகச் செய்வது

பயிற்சி எளியதுதான், ஆனால் தப்பாகச் செய்வதும் எளிது. 1991-இல் ரிச்சர்ட் பம்ப் குழு 47 பெண்களுக்கு வாயால் மட்டும் சொல்லிக்கொடுத்துச் சோதித்தது. பாதிப்பேரே சரியாகச் செய்தார்கள். கால்வாசிப் பேர் உள்ளே இழுப்பதற்குப் பதில் கீழ்நோக்கி முக்கினார்கள்; அது கசிவைக் கூட்டக்கூடும். எனவே முதல் முறை பயிற்சி பெற்ற ஒருவர் பார்த்துச் சரிசெய்வது நல்லது. பெண் இயன்முறை மருத்துவர், உங்கள் சம்மதத்தோடு, உள்பரிசோதனை செய்தோ அடிவயிற்றின் மேல் ஸ்கேன் கருவியை வைத்தோ தசை எப்படி அசைகிறது என்று பார்ப்பார். உள்பரிசோதனை வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

முழங்கால்களை மடக்கி மல்லாந்து படுத்துத் தொடங்கலாம். கர்ப்பத்தின் பிற்பாதியில் இருப்பவர்கள் ஒருக்களித்துப் படுக்கலாம். வாயுவை அடக்குவது போல ஆசனவாயையும், சிறுநீரை அடக்குவது போல முன்பகுதியையும் சேர்த்து உள்ளே, மேல்நோக்கி இழுங்கள். தொடை, புட்டம் இறுகக் கூடாது. மூச்சை அடக்கக் கூடாது. சில விநாடிகள் பிடித்து, பிறகு முழுதாக விடுங்கள். விடுவதும் பயிற்சியின் பாதி. ஒரு வேளைக்கு 8 முறை, நாளுக்கு 3 வேளை என்பது பிரிட்டனின் நைஸ் அமைப்பு பரிந்துரைக்கும் குறைந்தபட்ச அளவு. பிடிக்கும் நேரத்தைப் படிப்படியாக 10 விநாடி வரை கூட்டலாம். படுத்துச் செய்தது பழகியதும் உட்கார்ந்தும், பிறகு நின்றும் செய்ய வேண்டும். டிலோர்மின் விதி இங்கும் அதுதான்: தசை தேறும்போது சுமையும் கூட வேண்டும்.

கூடவே ஒரு சிறு உத்தி. இருமல், தும்மல் வரப்போகிறது என்று தெரிந்ததும், எடை தூக்கும் முன்பும், தளத்தை இறுக்கிக்கொள்ளுங்கள். 1998-இல் மிச்சிகன் ஆய்வாளர்கள், லேசான கசிவு உள்ளவர்களுக்கு இது ஒரே வாரத்தில் இருமும்போது வரும் கசிவைக் குறைத்ததாகக் காட்டினார்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்தி நிறுத்திப் பயிற்சி செய்யக் கூடாது. சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாவது அதனால் கெடலாம். அடுத்தது, எல்லோருக்கும் இறுக்கும் பயிற்சி தேவைப்படுவதில்லை. தையல் போட்ட இடத்து வலி, தாம்பத்திய உறவில் வலி, சிறுநீர் இறங்கத் தாமதம் உள்ள சிலருக்குத் தசை தளர முடியாமல் இறுகிக் கிடக்கும். அவர்களுக்கு வேண்டியது ஆழ்ந்த மூச்சும் தளர்த்தும் பயிற்சியும். எது தேவை என்று பிரித்தறிவதற்கே நிபுணர் வேண்டும்.

விலகிய வயிறு, வெட்டிய வயிறு

வயிற்றின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் வெண்ணிற நார்ப்பட்டை லீனியா ஆல்பா. அதன் இரு புறமும் நீண்ட வயிற்றுத் தசைகள். கரு வளரும்போது பட்டை அகன்று தசைகள் விலகுகின்றன. நார்வேயில் முதல் முறை கருவுற்ற 300 பெண்களைத் தொடர்ந்து, 2016-இல் வெளியான ஆய்வில், பிரசவமாகி 6 வாரத்தில் 60 சதவீதத்தினருக்கு இந்த விலகல் இருந்தது. 6 மாதத்தில் அது 45 சதவீதம். ஓர் ஆண்டில் 33 சதவீதம். விலகல் உள்ளவர்களுக்கு முதுகுவலி மிகுதி என்று அந்த ஆய்வு காணவில்லை. ஆகவே பதற வேண்டியதில்லை. பெரும்பாலும் தானே சுருங்கும். மூச்சை விட்டபடி அடிவயிற்றை மெல்ல உள்ளிழுக்கும் பயிற்சியில் தொடங்கி மெதுவாக வலுவைக் கூட்டலாம். எழும்போது வயிற்றின் நடுவில் மேடு கிளம்பினால், அந்த அசைவு இப்போதைக்கு அதிகம் என்று பொருள்.

சிசேரியன் ஒரு பெரிய வயிற்று அறுவை. தோல், கொழுப்பு, தசையைப் போர்த்திய உறை, வயிற்றறைச் சவ்வு, கருப்பை என்று வரிசையாக வெட்டுகிறார்கள். நடுவிலுள்ள தசையைப் பெரும்பாலும் வெட்டாமல் இரு பக்கம் விலக்குகிறார்கள். 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். நாட்டின் சராசரி 21.5 சதவீதம். ஏறத்தாழ பாதித் தாய்மார் அறுவைக் காயத்தோடு வீடு திரும்பும் மாநிலத்தில், அந்தக் காயத்துக்கான மீட்புப் பயிற்சி ஒவ்வொரு பிரசவ வார்டிலும் இருந்தாக வேண்டும்.

அது கடினமானதும் இல்லை. எழும்போது நேராக நிமிராமல், முழங்காலை மடக்கி, ஒரு பக்கமாகப் புரண்டு, கையை ஊன்றி எழ வேண்டும். இருமும்போது தலையணையைத் தையலின் மேல் அணைத்துப் பிடிக்கலாம். படுக்கையிலேயே கணுக்காலை மேலும் கீழும் அசைக்க வேண்டும். மருத்துவர் அனுமதித்ததும், பெரும்பாலும் முதல் நாளிலேயே, எழுந்து நடக்க வேண்டும். பிரசவத்தை ஒட்டிய வாரங்களில் ரத்தம் எளிதில் உறையும் நிலையில் இருக்கிறது. அசையாமல் படுத்தால் காலில் ரத்தக்கட்டி உருவாகி நுரையீரலுக்குப் போகலாம். அந்தச் சில அடி நடை உயிர்காப்பு. முதல் வாரங்களில் குழந்தையின் எடையைத் தாண்டிய எதையும் தூக்க வேண்டாம். காயம் மேலே ஆறிவிட்டாலும் உள்ளே நார்கள் வரிசையாகி வலுப்பெறப் பல மாதங்கள் ஆகின்றன.

கையையும் மறந்துவிடக் கூடாது. குழந்தையைக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் விரிந்த நிலையில் திரும்பத் திரும்பத் தூக்குவதால் மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கத்தில் கடும் வலி வரும். 1895-இல் சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி கெர்வேன் விவரித்த தசைநாண் உறை அழற்சி இது. விரல்களைச் சேர்த்து உள்ளங்கையால் அள்ளித் தூக்கினால் பாரம் குறையும். கட்டைவிரலுக்கு வார்ப்பட்டை போடுவதும் உதவும்.

பச்சை உடம்பும் பத்தியமும்

பிரசவித்தவரைப் பச்சை உடம்புக்காரி என்று சொல்லித் தாய்வீட்டில் வைத்துக் காப்பது நம் வழக்கம். அதன் உட்பொருள் சரியானது. கனமான வேலையிலிருந்து சில வாரம் விலக்கு, கைக்கு ஆள், நேரத்துக்கு உணவு ஆகிய மூன்றும் தசைக்கும் காயத்துக்கும் தேவையானவை. பிரசவித்த சில நாளிலேயே வயலுக்கும் கட்டட வேலைக்கும் போக நேரும் ஏழைப் பெண்களுக்கு இந்தக் காப்பு கிடைக்காமல் போவதும், அவர்களில் பலர் கருப்பை இறக்கத்தோடு காலம் தள்ளுவதும் பெரும் அநீதி.

சில வழக்கங்களை மாற்றிக்கொள்ள வேண்டும். வயிறு போட்டுவிடும் என்று தண்ணீரைக் குறைப்பது மலச்சிக்கலில் முடிகிறது. முக்கி முக்கி மலம் கழிப்பது, ஏற்கெனவே இழுபட்ட இடுப்புத்தளத்தின் மேல் நாள்தோறும் ஏற்றும் சுமை. பாலூட்டும் தாய்க்குத் தண்ணீரும் கீரையும் காய்களும் கூடுதலாகவே வேண்டும். வயிற்றில் துணி கட்டுவது அறுவைக்குப் பின் நடக்கும்போது வலியைத் தணிக்கலாம். ஆனால் விலகிய தசையைச் சேர்க்காது. இறுக்கிக் கட்டினால் அழுத்தம் கீழே இறங்கித் தளத்தைத்தான் தள்ளும். நாற்பது நாளும் படுத்தே கிடப்பது தசையைக் கரைக்கும். ஓய்வும் அசைவும் மாறி மாறி வர வேண்டும்.

பிரசவமான சில நாளிலேயே மெல்லிய இடுப்புத்தளப் பயிற்சியும் வீட்டுக்குள் நடையும் தொடங்கலாம்; சிறுநீர்க் குழாய் இருந்தால் அது எடுக்கப்பட்ட பிறகே தசையை இறுக்க வேண்டும். ஆறு வாரப் பரிசோதனைக்குப் பின் வலுப் பயிற்சிகளைக் கூட்டலாம். ஓட்டம், குதித்தல் போன்றவற்றுக்கு 12 வாரமாவது பொறுக்க வேண்டும் என்கிறது பிரிட்டன் இயன்முறை மருத்துவர்கள் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். கசிவோ கனமோ வலியோ இருந்தால் அதற்குப் பிறகும் பொறுக்க வேண்டும்.

தாய்க்கு உரிய இடம்

இயன்முறை மருத்துவத் துறையின் தொடக்கத்திலேயே பிள்ளைப்பேறு இருந்தது. 1894-இல் லண்டனில் நான்கு செவிலியர் தொடங்கிய சங்கமே பிரிட்டனின் இயன்முறை மருத்துவ அமைப்பாக வளர்ந்தது. அந்த நால்வரில் ஒருவரான ரோசலிண்ட் பேஜட் மகப்பேற்றுச் செவிலியரும்கூட. செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் மின்னி ராண்டெல், நடனக் கலைஞர் மார்கரெட் மாரிஸோடு சேர்ந்து 1936-இல் தாய்மாருக்கான பயிற்சி நூலே எழுதினார். இந்தியாவுக்கு இத்துறை வேறு வழியாக வந்தது. 1950-களின் தொடக்கத்தில் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் தொடங்கிய பயிற்சிப் பள்ளிக்குப் போலியோ பரவலே காரணம். வேலூரில், 1954-இல் வாகன விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்ட மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே மறுவாழ்வு மருத்துவத்தை வளர்த்தார். 1966-இல் அங்கே மறுவாழ்வு மையம் எழுந்தது. போலியோ, தொழுநோய், விபத்து என அவசரத் தேவைகள் முன்னே நின்றதால், தாய் வரிசையின் கடைசிக்குப் போய்விட்டார்.

இப்போது அந்த வரிசையை மாற்றலாம். பிரான்சில் பிரசவித்த பெண்களுக்கு இடுப்புத்தள மறுபயிற்சியின் செலவை அரசின் சமூகக் காப்பீடு ஏற்கிறது. தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. ஆக, ஒவ்வொரு தாயும் சுகாதாரத் துறையின் கண்ணெதிரே வந்து போகிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் ஏற்கெனவே வீடு தேடிப் போகிறார்கள். அவர்களின் பட்டியலில் பிரசவித்த தாயையும் சேர்க்கலாம். கர்ப்பகாலப் பரிசோதனையில் ஒரு முறை, பிரசவ வார்டில் ஒரு முறை, ஆறாவது வாரத்தில் ஒரு முறை என்று மூன்று சந்திப்புகள் இருந்தாலே பெரும் மாற்றம் தெரியும். விலையுயர்ந்த இயந்திரமோ மருந்தோ இதற்கு வேண்டாம்.

அரசு செய்யும்வரை நாம் காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் வீட்டில் பிரசவித்த பெண் இருந்தால், "கசிவு இருக்கிறதா, அடிவயிறு கனக்கிறதா, இடுப்பு வலிக்கிறதா?" என்று கேளுங்கள். கணவரும் கேட்க வேண்டும், மாமியாரும் கேட்க வேண்டும். கெண்டைக்கால் வீக்கம், மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, காய்ச்சல், அதிக ரத்தப்போக்கு, தொடை இடுக்கில் மரத்துப்போதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மற்றவற்றுக்கு இயன்முறை மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். பிரசவமாகிப் பத்தாண்டு கழிந்த பெண்ணும் இன்றே தொடங்கலாம். தசைக்கு வயதானாலும், கொடுக்கும் சுமைக்கேற்ப வலுப்பெறும் இயல்பு அதற்கு மாறுவதில்லை.